அஞ்சு வயசாச்சு, இன்னும் காது குத்தலையாம்!

முத்தியால்பேட்டை அப்பா:
"பொம்பளப் புள்ளைய அப்பன் கையில விட்டா வளர்ப்பு கோணிக்கும்"னு போன வாரம் கெடிலக்கரை அண்ணன் இன்னொரு இழையில எழுதியிருந்தாரு, அதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு மண்டை காயுது. என் பொண்ணுக்கு அஞ்சு வயசு. வீட்டுக்காரம்மாவுக்கு ஆஸ்பத்திரியில மார்னிங் ஷிப்ட், ஆறரைக்கே கெளம்பிடுவாங்க. அப்புறம் எழுப்புறது, குளிப்பாட்டுறது, ஊட்டுறது, தலை பின்றது எல்லாம் நான்தான். தலை பின்றதை மட்டும் சொல்றேன் கேளுங்க, ஈரத்தலையில சீப்பு வெச்சா ஊரைக் கூட்டிடுவா, எண்ணெய் தொட்டு நுனியிலேர்ந்து சிக்கெடுத்துக்கிட்டே மேல வரணும், வகிடு எடுக்கறப்ப கண்ணாடியப் பாத்து "அப்பா கோணலா இருக்கு"ன்னு அவ ஒரு ஆர்டர் போடுவா, திரும்ப கலைச்சு எடுக்கறதுக்குள்ள வேன்காரர் ஹார்ன் அடிச்சிடுவாரு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பாண்டி பீச் ரோட்ல வண்டி விடமாட்டாங்கல்ல, அங்க எறக்கி விட்டா காந்தி சிலையிலேர்ந்து டூப்ளே சிலை வரைக்கும் ஒரே ஓட்டம். "பாத்து பாத்து"ன்னு கத்துறதை நிறுத்திட்டேன், ஏன்னா நான் கத்தினாத்தான் திரும்பிப் பாத்து விழுறா. காது கூட இன்னும் குத்தல, அவளா கேக்கட்டும்னு விட்டிருக்கோம். இதுல எங்கண்ணே கோணுது?

கெடிலக்கரை:
இன்னா தம்பி, முக்கியமானதை கடைசியில ஒரு ஓரமா போட்டுட்டு ஓடுறீங்க! அஞ்சு வயசுப் புள்ள மூளிக்காதோட பள்ளிக்கூடம் போவுது, அதைப் பெருமையா வேற எழுதுறீங்க. நான் கோணும்னு சொன்னது இதைத்தான். எங்க வூட்ல மூணு பொண்ணு, ஒண்ணொண்ணுக்கும் ஒரு வயசு முடியறதுக்குள்ள குலதெய்வம் கோயில்ல மொட்டை போட்டு தாய்மாமன் மடியில ஒக்கார வெச்சு காது குத்தி கெடா வெட்டியாச்சு. காதுமடல்ல ஒரு நரம்பு இருக்கு தம்பி, அது கண்ணுக்குப் போற நரம்பு, சின்ன வயசுல குத்தினாத்தான் பார்வை தெளியும். பெரியவங்க சும்மா ஒண்ணும் வெச்சிட்டுப் போவல.

சுதா லாஸ்பேட்டை:
வகிடு கதையைப் படிச்சு சிரிச்சிட்டேன் தம்பி, எங்க வூட்டு மனுஷன் படிக்கணும் இதை. கெடிலக்கரை அண்ணா, நரம்புக் கதை யார் சொன்னது? கீழ்மடல்ல எலும்பும் இல்ல குருத்தெலும்பும் இல்ல, தோலும் கொழுப்பும்தான், அதனாலதான் அங்க குத்தினா சீக்கிரம் ஆறுது. பார்வை நரம்பு கண்ணுக்குப் பின்னாடியிலேர்ந்து மூளைக்குப் போவுது, காது பக்கம் எட்டிக்கூட பாக்கறதில்ல. உங்க மூணு பொண்ணுல ஒருத்தரும் கண்ணாடி போடலையா?

கெடிலக்கரை:
பெரியவ போட்டிருக்கா. அது செல்போனால. நரம்பு இருக்கு.

நெல்லிக்குப்பம் மாமன்:
நரம்பை விடுங்கப்பா, மாமனை விட்டுட்டீங்களே. எங்க அக்கா பொண்ணுக்கு நான்தான் தோடு எடுத்துட்டுப் போனேன், தாம்பாளத்துல பழம், பட்டுப்பாவாடை, மாலை, எல்லாம் என் செலவு. ஆசாரி மையில புள்ளி வெச்சு ரெண்டு காதும் சமமா இருக்கான்னு பாத்துட்டு, எதுத்தாப்ல நின்னு ஒரு ஆள் கிலுகிலுப்பையை ஆட்ட, புள்ள அந்தப் பக்கம் திரும்பினப்ப குத்திட்டாரு, அலறின அலறல்ல என் வேட்டி நனைஞ்சிடுச்சு, உடனே வாயில சர்க்கரையைப் போட்டோம், இன்னிக்கும் அந்தப் புள்ள என்னைப் பாத்தா மாமான்னு ஓடி வரும். "அவளா கேக்கட்டும்"னு சொன்னா மாமன் எதுக்கு இருக்கான்? உங்க மச்சானை ஒரு வார்த்தை கேட்டீங்களா?

முத்தியால்பேட்டை அப்பா:
மச்சானைக் கேட்டுத்தான் விட்டிருக்கோம், அவரே "எப்ப வேணாலும் மடி ரெடி"ன்னுட்டாரு. நான் கேட்டது வளர்ப்பைப் பத்தி, நீங்கள்லாம் காதை மட்டும் புடிச்சுத் தொங்குறீங்க. மண்டபம், சாப்பாடு, கெடான்னு செய்யற காசை அவ பேர்ல செல்வமகள் சேமிப்புக் கணக்குல போட்டுக்கிட்டு வரேன்.

கெடிலக்கரை:
ஆ, வந்துச்சு பாருங்க! காசு! கஞ்சத்தனத்துக்குப் பேரு புள்ளையோட விருப்பம். 21 வயசாவறப்ப பேங்க் புக்கை காதுல மாட்டிக்கிட்டுப் போவுமா?

சுதா லாஸ்பேட்டை:
21 வயசு இல்லண்ணா, கணக்கு தொடங்கினதுலேர்ந்து 21 வருஷம். காசு கட்டுறது 15 வருஷந்தான். வருஷத்துக்கு 250 ரூபாய்லேர்ந்து ஒன்றரை லட்சம் வரைக்கும் போடலாம், 18 வயசுக்கு மேல படிப்புக்குப் பாதி எடுக்கலாம். பொண்ணுக்கு 10 வயசு தாண்டிட்டா தொடங்கவே முடியாது. காது எந்த வயசுலயும் குத்தலாம். எதுக்கு அவசரம்னு நீங்களே சொல்லுங்க. அப்புறம் தம்பி, என்னிக்கு குத்தினாலும் கடையில பிளாஸ்டிக் துப்பாக்கி வெச்சு டப்புனு அடிக்கறாங்களே அங்க போவாதீங்க, அதை கொதிக்க வெச்சோ ஆவியில வெச்சோ சுத்தம் பண்ண முடியாது. புது ஊசி, ஆசாரியா இருந்தாலும் டாக்டரா இருந்தாலும். கவரிங் தோடு வேணாம், அதுல இருக்கற நிக்கல் சில புள்ளைங்களுக்கு சேராம காது புண்ணாயிடும். அஞ்சு வயசு பூஸ்டர் ஊசி போட்டாச்சான்னும் பாத்துக்குங்க.

முத்தியால்பேட்டை அப்பா:
போட்டாச்சுக்கா. ஊசி போட்டப்ப அழவே இல்ல, நான்தான் மூஞ்சத் திருப்பிக்கிட்டேன்.

கெடிலக்கரை:
பூஸ்டர் ஊசிக்கு அவ கேட்டாளா? அது மட்டும் கேக்காம குத்தலாமா? பதில் சொல்லுங்க தம்பி.

சுதா லாஸ்பேட்டை:
ஐயோ அண்ணா, தடுப்பூசியும் தோடும் ஒண்ணா?

கெடிலக்கரை:
ரெண்டும் ஊசிதான். இன்னொண்ணு கேளுங்க, பொம்பளப் புள்ளைக்கு மட்டும் குத்தினா நீங்க பேசலாம், நாங்க பசங்களுக்கும்தான் குத்துறோம், எனக்கே ரெண்டு காதுலயும் ஓட்டை இருக்கு, எங்கப்பா என்னைக் கேட்டாரா? நான் கெட்டா போயிட்டேன்? முத்தியால்பேட்டை தம்பி சாயங்காலம் பீச்ல ஓட விடுறதை வளர்ப்புங்கறாரு, எங்க கடலூர் சில்வர் பீச்சுக்கு வந்து பாருங்க, தேவனாம்பட்டினத்துல புள்ளைங்க மணல்ல ஓடுது, பாண்டியில கல்லைக் கொட்டி வெச்சிட்டு பீச்சுங்கறீங்க.

பழைய பாண்டிக்காரன்:
வந்துட்டாருய்யா. அண்ணே, தானே புயல் இழையிலயும் நீங்க இதே மாதிரிதான், புயல் கடலூரை மட்டுந்தான் அடிச்சுது, பாண்டிக்கு சும்மா காத்துன்னு நாள் பூரா எழுதினீங்க. 2011 டிசம்பர் 30 காலையில ரெண்டு ஊருக்கும் நடுவுலதான் கரை ஏறுச்சு. நான் மறக்கல.

கெடிலக்கரை:
முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சது யார் பக்கம்? பண்ருட்டியில போய்க் கேளு. உங்களுக்கு விழுந்தது பூங்கா மரம்.

பழைய பாண்டிக்காரன்:
பூங்கா மரமா? எங்க வூட்டு கூரையே போச்சு. உங்களுக்கு நஷ்டத்துலயும் மொத பரிசு வேணும்.

நெல்லிக்குப்பம் மாமன்:
புயலை எதுக்கு இழுக்கறீங்க, கேள்வி சீர் பத்தினது. மச்சான் "மடி ரெடி"ன்னா சொல்லிட்டாரு? இதுக்கு முன்னாடி மொய் நோட்டுல ஏதாவது பாக்கி இருக்கும், அதான் நைசா நழுவுறாரு. எங்க பக்கம் இப்படி நடந்து ரெண்டு குடும்பம் பேச்சுவார்த்தையே இல்ல.

முத்தியால்பேட்டை அப்பா:
மாமா, எங்க மச்சானை உங்களுக்குத் தெரியாது, விட்டுடுங்க. நேத்து வேன்ல எவனோ ஒரு பையன் "நீ பையன், உனக்கு கம்மல் இல்ல"ன்னு சொன்னானாம். வந்து சொன்னா. நான் என்ன சொல்றதுன்னு முழிக்கறதுக்குள்ள அவளே "உனக்கும்தான் இல்ல, அப்ப நீ ஆயாவா"ன்னு திருப்பிக் கேட்டுட்டேன்னா. எனக்கு இது போதும்ணே, காதைப் பத்தி இனிமே பேசல.

கெடிலக்கரை:
பாத்தீங்களா, ஊர்ல பேச்சு வந்துடுச்சு! நான் சொன்னேனா இல்லையா! புள்ளைக்குத் துடுக்குப் பேச்சு வேற. காது குத்தியிருந்தா அந்தப் பையன் கேட்டிருப்பானா? நரம்பு விஷயத்தை அப்படியே மூடிட்டீங்க, அதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல.

சுதா லாஸ்பேட்டை:
நான் சொன்னேனே!!! மேல போய்ப் படிங்கண்ணா.

கெடிலக்கரை:
நீங்க சொன்னது இங்கிலீஷ் டாக்டருங்க சொல்றது. நான் கேட்டது நம்ம வைத்தியத்துல. பாண்டிக்காரங்க எப்பவுமே இப்படித்தான், பிரெஞ்சுக்காரன் போயும் நெனப்பு போவல.

பழைய பாண்டிக்காரன்:
பிரெஞ்சுக்காரன் நெனப்பு எங்களுக்கு, பெட்ரோல் நெனப்பு உங்களுக்கு. விலை கம்மின்னு எங்க எல்லையில முள்ளோடை பங்க்ல டேங்க் ரொப்ப வரிசையில நிக்கறது எல்லாம் டிஎன் 31, உங்க கடலூர் வண்டிதான். அவ்ளோ ரோஷம் இருந்தா கடலூர்லயே போடுங்களேன்.

கெடிலக்கரை:
நான் ஒரு நாளும் அங்க போட்டதில்ல.

பழைய பாண்டிக்காரன்:
ஞாயித்துக்கெழமை செவப்பு ஸ்ப்ளெண்டர், பின்னாடி ரெண்டு கேன். உங்க ப்ரொஃபைல் போட்டோவுல நிக்கற அதே வண்டி.

கெடிலக்கரை:
அது என் மச்சான் வண்டி.

நெல்லிக்குப்பம் மாமன்:
அந்த மச்சான்தான் மூணு காதுகுத்துக்கும் மடி குடுத்தவரா? பெட்ரோல் காசையாவது அவருக்குக் குடுத்தீங்களா?