தளம் இல்லாத டேங்க்

திருவாரூர் பக்கம் ஒரு சின்னப் பேரூராட்சி எங்களுடையது. பாதாளச் சாக்கடை கிடையாது, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். வீடு கட்டும்போது கொத்தனார், "அடியில தளம் வேண்டாம் தம்பி, தண்ணிய மண்ணே இழுத்துக்கும். வருஷக்கணக்கா லாரியே கூப்பிட வேணாம்" என்றார். நானும் சரி என்றுவிட்டேன். கோடையில் அவர் சொன்னபடிதான் நடந்தது.

ஐப்பசி பிறந்தால் கதையே வேறு. ஆற்றுத் தண்ணீரும் அடைமழையும் சேர்ந்து, ரெண்டடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும். களிமண் வேறு. டேங்கிலிருந்து தண்ணீர் வெளியே போகாது, ஊற்றுதான் உள்ளே வரும். ஒரு கார்த்திகையில் கழிவறையில் ஊற்றிய தண்ணீர் இறங்கவே இல்லை. லாரி வந்து உறிஞ்சிவிட்டுப் போனது. மறுநாள் காலை பார்த்தால் டேங்க் மறுபடி விளிம்பு வரைக்கும் நிற்கிறது.

லாரிக்காரத் தம்பியைத் திரும்பக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நேத்து எடுத்ததுல பாதிக்கு மேல ஊத்துத் தண்ணி. இப்ப மறுபடி காலி பண்ணினா சுவர் உள்ள சாஞ்சிரும்" என்றார். ஆளை இறக்கி அடைப்பு பார்க்கலாமா என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார். தம்பிக்கு முகமே மாறிவிட்டது. உள்ளே இருக்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் வருடச் சட்டமே தடுக்கிறது. அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

எங்கள் அடிபம்பு அந்த டேங்கிலிருந்து பதினைந்தடி தள்ளி இருந்தது. அந்த மாதம் பிள்ளைகளுக்கு ரெண்டு தடவை வயிற்றுப்போக்கு. தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். மலக்கிருமி இருந்தது.

"எடுத்ததை எங்க தம்பி கொட்டுறீங்க?" என்று அன்றைக்குத்தான் கேட்டேன். "முன்னாடி ராத்திரியில வடிகால்லதான் விடுவோம்ணே. இப்ப டவுன்ல இதைச் சுத்திகரிக்கிற கசடு நிலையம் வந்துருச்சு." டெல்டாவில் ஓர் ஊரின் வடிகால் அடுத்த ஊருக்குப் பாசன வாய்க்கால். அந்தத் தண்ணீரில்தான் நடவுக்குப் பெண்கள் நாள் முழுக்கக் காலை வைத்து நிற்கிறார்கள். இத்தனை வருடம் இதைக் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

அவர் லாரியிலேயே ஏறி அந்த நிலையத்தைப் பார்த்து வந்தேன். தமிழ்நாட்டில் இந்த மாதிரி நிலையம் முதலில் வந்தது செங்கல்பட்டு மாவட்டக் கருங்குழியில், 2017-ல். எங்கள் டவுன் நிலையத்தில் வாயிலிலேயே ஒரு கம்பிச் சல்லடை. துணி, நாப்கின், பிளாஸ்டிக் எல்லாம் அதில் சிக்குகிறது; அதைச் சுத்தம் செய்வதே பெரும் பாடு என்றார் அங்கிருந்த அண்ணன். அப்புறம் ஜல்லியும் மணலும் பரப்பிய படுகைகள். தண்ணீர் கீழே வடிய, கசடு மேலே தங்குகிறது. நல்ல வெயிலில் ரெண்டு வாரத்தில் வெடித்துக் காய்ந்துவிடுமாம். கார்த்திகையில், மேலே கூரை இருந்தும் ஈரக்காற்றில் அப்படியே கிடக்கிறது. லாரிகள் வரிசை கட்டுவதும் அதே மாதத்தில்தான். காய்ந்த கசட்டையும் உடனே வயலுக்குக் கொடுப்பதில்லை, குடற்புழு முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால் வைத்திருந்துதான் கொடுக்கிறார்கள்.

மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் அடைப்பது வழக்கம். அதற்கப்புறம் ஊற்று இறங்கட்டும் என்று காத்திருந்து, சித்திரையில் பழைய டேங்கை இடித்தோம். அடியில் கான்கிரீட் தளம், நடுவில் தடுப்புச் சுவர், சுற்றிலும் தண்ணீர் புகாத பூச்சு. வெளியேறும் தண்ணீரிலும் கிருமி இருக்கும் என்பதால், மேடாக்கிய ஜல்லிப் பாத்தியில் கல்வாழை வைத்து அதில் விட்டிருக்கிறோம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி. அடிபம்பைக் குடிக்கப் பயன்படுத்துவதில்லை.

போன ஐப்பசியில் கழிவறையில் தண்ணீர் இறங்காமல் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு டேங்குக்கு மட்டும் இன்னும் தளம் இல்லை. அறுப்பு முடியட்டும், பார்க்கலாம் என்கிறார் பெரியப்பா.