இயற்கையில் கணிதம்: "நாலு உங்க வரிசைல எங்க சார்?"

கணக்குவாத்தி:
ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். போன வாரம் ஃபிபனாச்சி வரிசையை (1, 1, 2, 3, 5, 8, 13... முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது) எழுதிப்போட்டு, பூவிதழ்கள் எல்லாம் இந்த எண்களில்தான் இருக்கும், நாட்டிலஸ் என்ற கடல்வாழ் உயிரியின் ஓட்டில் பொன் விகிதம் (சுமார் 1.618) இருக்கிறது என்று படத்தோடு காட்டி அசத்திவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒரு பையன் இட்லிப்பூக் கொத்து ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "சார், இதுல நாலு இதழ்தான் இருக்கு, நாலு உங்க வரிசைல எங்க சார்?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன், ஆனால் பதில் சொல்லவில்லை. இந்தப் பாடத்தை எப்படித்தான் நடத்துவது?

செடிப்பைத்தியம்:
முதலில் அந்தப் பையனுக்கு ஒரு சபாஷ். இட்லிப்பூ மட்டுமில்லை சார், கடுகுக் குடும்பமே நாலு இதழ்தான். நாட்டிலஸ் கதையும் அப்படித்தான். அது மடக்கைச் சுருள் (ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே மடங்கு விரிவது) என்பது சரி, ஆனால் பொன் விகிதச் சுருள் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 6.85 மடங்கு விரியும், நாட்டிலஸ் சுமார் 3 மடங்குதான். ஸ்கேல் வைத்தாலே குட்டு உடைந்துவிடும்.
எண்ணைச் சொல்லிவிட்டுப் பூவைக் காட்டாதீர்கள், பூவைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். சூரியகாந்திப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து, விளிம்பிலிருந்து ஒவ்வொரு சுருளாக ஸ்கெட்ச் பேனாவால் இழுத்தால் ஒரு பக்கம் 34, மறுபக்கம் 55 என்று வரும். சிலருக்கு வராது, அதை அடித்துத் திருத்த வேண்டாம். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் பொதுமக்கள் வளர்த்த 657 சூரியகாந்திகளை எண்ணினார்கள். பெரும்பாலும் ஃபிபனாச்சி எண்கள்தான், ஆனால் லூக்காஸ் வரிசை (அதே கூட்டல் விதிதான், தொடக்க எண்கள் வேறு: 18, 29, 47...) வந்த பூவும் உண்டு, எதிலும் சேராத பூவும் உண்டு.

அரைவட்டம்:
எண்ணுவதோடு நிறுத்தினால் அது வேடிக்கை காட்டுவதுதான். ஏன் 34, ஏன் 55 என்பதற்குப் போங்கள், அதற்கு ஒரு கோணமானி போதும். ஒரு புள்ளியை மையமாக வைத்து, ஒவ்வொரு புதுப் புள்ளியையும் முந்தையதிலிருந்து 137.5 டிகிரி தள்ளி வைக்க வேண்டும், மையத்திலிருந்து n-ஆவது புள்ளியின் தூரம் √n × 1.5 செ.மீ. 40 புள்ளிகள் ஏ4 தாளில் அடங்கும். இன்னொரு குழுவுக்கு 120 டிகிரி, வேறொரு குழுவுக்கு 135 கொடுங்கள். 120இல் மூன்றே கோடுகள், 135இல் எட்டுக் கோடுகள், நடுவில் இடமெல்லாம் வீண். 137.5இல் மட்டும் தாள் சீராக நிரம்பும். அப்புறம் 8 × 137.5 = 1100, அதாவது மூன்று சுற்றும் 20 டிகிரியும். 13ஆல் பெருக்கினால் ஐந்து சுற்றுக்கு 12.5 டிகிரிதான் குறைவு. அதனால்தான் எட்டாவதும் பதின்மூன்றாவதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சுருளாகத் தெரிகின்றன. செடிக்குக் கணக்கும் தெரியாது, ஒன்றும் தெரியாது: புது மொட்டு, இருக்கிற மொட்டுகளின் நெருக்கடி குறைந்த இடத்தில் முளைக்கிறது. 1992இல் துவாதி, கூடெர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் காந்தத் திரவத் துளிகளை ஒன்றையொன்று விலக்கவைத்தே இந்தக் கோணத்தை வரவைத்தார்கள், செடியே இல்லாமல்.

மாத்திரை:
ஒரு சின்னச் சேர்க்கை. குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2 என்று பிள்ளைகளுக்குத் தெரியும். 4 மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? ஐந்து. 5 மாத்திரையை? எட்டு. ஃபிபனாச்சி 1202இல் முயல் கணக்குப் போடும் முன்பே ஹேமச்சந்திரர் என்ற சமண அறிஞர் சமஸ்கிருத யாப்பில் இதே கணக்கைப் போட்டுவிட்டார்.

கணக்குவாத்தி:
137.5 குழுவுக்கு இட்லிப்பூப் பையனையே தலைவனாக்கப்போகிறேன். கோணமானியில் அரை டிகிரிக்குக் கோடு இல்லையே, அதற்கு என்ன செய்ய?

அரைவட்டம்:
கண்ணளவில் வைத்தால் போதும். ஆனால் முந்தைய புள்ளியிலிருந்து அளக்கவிடாதீர்கள், பிழை சேர்ந்துகொண்டே போகும். 137.5, 275, 52.5, 190 என்று பட்டியல் போட்டு, எல்லாவற்றையும் ஒரே பூச்சியக் கோட்டிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். நான் முதல் தடவை இதைச் சொல்ல மறந்து, ஒரு வகுப்பு முழுக்கக் கோணல் பூ வரைந்தது.