மாயவரம் வீட்டுச் சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு)

கவிதா: பாப்பாவுக்கு அடுத்த மாதம் மூன்று வயது முடிகிறது. இங்கே ஒரு பள்ளியில் ப்ரீகேஜிக்கு 65,000 கேட்கிறார்கள். சேர்க்கலாமா, ஒரு வருடம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?

ராஜு மாமா: நாங்களெல்லாம் தலைக்கு மேல் கையைக் கொண்டுபோய்க் காதைத் தொட்டுக் காட்டித்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தோம். என்ன குறைந்துபோனோம்?

சரோஜா அத்தை: ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்ததையும் சொல்லுங்கள்.

செந்தில்: மாமா, இதை அமெரிக்காவில் 1962லேயே சோதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மிச்சிகனில் இப்சிலாண்டி என்ற ஊர், பெர்ரி பள்ளி. 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகள். 58 பேரை முன்பள்ளியில் சேர்த்தார்கள், 65 பேரைச் சேர்க்கவில்லை. வகுப்பில் நான் நடத்துகிற பாடம் இது.

ராஜு மாமா: சேர்ந்தவர்கள் மேதையாகிவிட்டார்களா?

செந்தில்: முதலில் ஐக்யூ, அதாவது அறிவுத்திறன் மதிப்பெண், நன்றாக ஏறியது. எட்டு வயதுக்குள் அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது.

ராஜு மாமா: பார்த்தாயா கவிதா! 65,000 மிச்சம்.

செந்தில்: முழுதாகக் கேளுங்கள். நாற்பது வயதில் போய்ப் பார்த்தார்கள். சேர்ந்தவர்களில் 77 சதவீதம் பேர் உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்தார்கள், மற்றவர்களில் 60. ஐந்து தடவையோ அதற்கு மேலோ கைதானவர்கள் சேர்ந்தவர்களில் 36 சதவீதம், மற்றவர்களில் 55.

கவிதா: ஐக்யூ போன பிறகு எது நின்றது அண்ணா?

செந்தில்: பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கிய ஹெக்மன், குணமும் விடாமுயற்சியும்தான் என்கிறார்.

ராணி பெரியம்மா: அதற்கு நோபல் வேண்டாம். அங்கன்வாடியில் 27 வருடம் இருந்தேன். அம்மாவின் முந்தானையை விடாமல் வருகிற பிள்ளை, ஆறு மாதத்தில் சறுக்குமரத்தடியில் தன் முறை வரும்வரை நிற்கும். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைக்கும்.

செந்தில்: பெர்ரியிலும் கிட்டத்தட்ட அதுதான் பெரியம்மா. இன்றைக்கு என்ன செய்யப்போகிறேன் என்று பிள்ளையே சொல்லும், செய்யும், அப்புறம் என்ன செய்தேன் என்று சொல்லும். வாரம் ஒருமுறை டீச்சர் வீட்டுக்கே போவார்.

சரோஜா அத்தை: இங்கே முதல் வாரமே நாலு கோடு நோட்டு. என் பேரன் பென்சிலைப் பார்த்தாலே அழுதான்.

செந்தில்: எந்த முன்பள்ளியானாலும் சரி என்றும் இல்லை அத்தை. அமெரிக்காவிலேயே டென்னசி மாநிலத்தில் அரசு முன்பள்ளிக்குப் போன பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள்.

ராணி பெரியம்மா: எங்களுக்குக் கைதான் போதவில்லை. எடை போடு, சத்துமாவு கொடு, பதிவேடு எழுது. ஆயா அடுப்படியில். கதை சொல்ல நேரம் கிடைத்தால் அன்றைக்குத் திருவிழா.

செந்தில்: அதையும் நம் தமிழ்நாட்டிலேயே பார்த்தார்கள். பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் கூட இருவரும் செய்த ஆய்வு, நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகள். சிலவற்றில் அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஓர் ஆளைப் போட்டார்கள். சொல்லிக்கொடுக்கும் நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதத்தில் அந்தப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முந்தினார்கள். ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தது.

ராணி பெரியம்மா: ஒரே ஒரு ஆள்! இதைத்தான் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டோம்.

கவிதா: சரி பெரியம்மா, பள்ளியில் எதைப் பார்க்க வேண்டும்?

ராணி பெரியம்மா: கட்டடத்தைப் பார்க்காதே. டீச்சர் பிள்ளையிடம் ஒன்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாரா, தானே சொல்லிவிடுகிறாரா என்று பார். தெருமுனை அங்கன்வாடிக்கும் ஒரு நடை போய் வா.

கவிதா: நாளைக்கே போகிறேன்.

ராஜு மாமா: அது இருக்கட்டும், பாப்பாவுக்குக் காது எட்டுகிறதா?

கவிதா: எட்டவில்லை மாமா. நீங்கள் சொன்னதைப் படித்துக் காட்டியதிலிருந்து கண்ணாடி முன்னாலேயே நிற்கிறாள், சாப்பிடக்கூட வரமாட்டேன் என்கிறாள்.