பெயரில் உள்ள இனிஷியலால் வென்ற பணம் முடங்கிக் கிடக்கிறது

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். உரிமம் பெற்ற ஒரு இணையச் சூதாட்டத் தளத்தில், நேரலை ரூலட் சக்கர ஆட்டத்தில் வென்ற 640 பவுண்டை எடுக்க விண்ணப்பித்து மூன்று வாரங்கள் ஆகின்றன. இன்னும் ‘பரிசீலனையில்’ என்றே காட்டுகிறது.

பணம் கட்டியது என் சொந்த டெபிட் கார்டில்தான் (2020 ஏப்ரல் முதல் இங்கே கிரெடிட் கார்டால் சூதாட முடியாது). சிக்கல் பெயரில். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுமையாக முன்னால் நிற்கிறது. கார்டில் வெறும் இனிஷியல். கட்டும்போது உறுத்தாத பெயர், எடுக்கும்போது மட்டும் உறுத்துகிறது!

பாஸ்போர்ட், கவுன்சில் வரி ரசீது, வங்கி அறிக்கை எல்லாவற்றையும் இருமுறை அனுப்பினேன். ‘பெயர் பொருந்தவில்லை’ என்ற ஒரே பதில். வங்கியோ தன் பக்கம் தடையில்லை என்கிறது. எழுத்தில் புகாரும் கொடுத்தாயிற்று. எட்டு வாரத்தில் தீராவிட்டால் வெளி நடுவரிடம் போகலாம், அதுவரை பொறுமையில்லை.

இதே இனிஷியல் சிக்கலில் மாட்டியவர்கள், எந்த ஆவணத்தைக் காட்டிப் பணத்தை எடுத்தீர்கள்?