வீட்டில் செய்த வேடத் தலைக்கவசத்தைப் பெயிண்ட்பால் ஆட்டத்துக்கு ஏற்றதாக்குவது எப்படி? அவசரம்

காகிதத்தலை | புதன், இரவு 11.42

வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் அனைவரும் வேடமணிந்து பெயிண்ட்பால் (நிறக்குண்டுகளால் ஒருவரையொருவர் சுடும் ஆட்டம்) ஆடப் போகிறோம். அதற்காக இரண்டு மாதம் உழைத்து ஒரு விண்வெளிப் படைவீரனின் தலைக்கவசத்தைச் செய்து முடித்திருக்கிறேன். தலை முழுவதையும் மூடும், முன்புறம் வைசரும் (முகத்தை மறைக்கும் ஒளிபுகும் தகடு) உண்டு, விரலால் தட்டினால் கல்லைத் தட்டுவது போல ஒலிக்கிறது. அடி உறைக்காமல் இருக்க உட்புறத்தில் எத்தனை அடுக்கு ஃபோம் ஒட்ட வேண்டும், அதன் தடிமன் என்னவாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் தெரிந்தவர்கள் சொன்னால் போதும். நேரம் மிகக் குறைவு.

மஞ்சள்குண்டு | புதன், இரவு 11.58

ஃபோமுக்கு வருவதற்கு முன் சில விவரங்கள் வேண்டும். கவசம் எந்தப் பொருளால் ஆனது? வைசர் எந்தப் பொருள், எத்தனை மில்லிமீட்டர் தடிமன், அதைக் கவசத்தோடு எதனால் பிணைத்திருக்கிறீர்கள்? நீங்கள் ஆடப்போவது 0.68 அங்குலக் குண்டுகளாலா, 0.50 அங்குலக் குண்டுகளாலா? கவசத்துக்குள் பெயிண்ட்பால் மாஸ்க் (லென்ஸோடு முகத்தை மூடும் காப்பு) அணிவீர்களா, அல்லது வைசரையே கண்ணுக்குக் காப்பாக நம்பியிருக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கான பதில்தான் எனக்கு முதலில் வேண்டும்.

பசைப்புட்டி | வியாழன், காலை 6.15

கல் போல ஒலிக்கிறது என்றால் அநேகமாக ரெசின் ஊற்றிய காகிதமாகத்தான் இருக்கும். ரெசினுக்குக் கடினம் உண்டு, உறுதி குறைவு. இழைதான் அதற்கு உறுதியைக் கொடுக்கும். ஆகவே உட்புறத்தில் ஃபைபர் கிளாஸ் பாய் இரண்டு அடுக்காவது வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் காற்றுக் குமிழி தங்காமல் தூரிகையால் குத்திக் குத்தி நனைத்து, முழுவதும் இறுகிய பிறகு 10 மி.மீ. ஈவா ஃபோம் (வேடப் பொருட்கள் செய்யப் பயன்படும் மெத்தென்ற தகடு) ஒட்டுங்கள். ரெசினை இறுகச் செய்யும் ஹார்டனரைக் கலக்கும் அளவைக் குறைத்தால் பல நாள் ஆனாலும் ஒட்டும் தன்மை போகாது, கூட்டினால் சூடேறி விரிசல் விடும். என் அனுபவத்தில் இழை சரியாக அமைந்த கவசத்தில் குண்டு பட்டுச் சிதறுமே தவிர, கவசத்துக்கு ஒன்றும் நேராது.

பழைய ஆட்டக்காரர் | வியாழன், காலை 7.30

இந்தக் கேள்வி இங்கே வராத ஆண்டே கிடையாது. தேடிப் பார்க்கும் பழக்கம் புதியவர்களிடம் அறவே ஒழிந்துவிட்டதால், தெரிந்தவர்கள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயிண்ட்பாலுக்கான கண் காப்புக்கு ஏஎஸ்டிஎம் எஃப் 1776 என்று தனி அமெரிக்கத் தரவிதியே இருக்கிறது. அந்த எண் பொறிக்கப்படாத எதையும் முகத்தில் மாட்டிக்கொண்டு ஒழுங்காக நடத்தப்படும் களத்துக்குள் பொதுவாக நுழைய முடியாது. இரண்டு மாதம் உழைத்தவர் இரண்டு நிமிடம் படித்திருக்கலாம்.

வலைக்கண் | வியாழன், காலை 8.05

வைசரைக் கழற்றிவிட்டு எஃகு வலை பொருத்துவதே என் பரிந்துரை. வலை உடையாது, மூச்சுப் பட்டு மங்காது, வேடத்துக்கும் கம்பீரம் கூடும். பிளாஸ்டிக் குண்டு ஆட்டமான ஏர்சாஃப்டில் பலரும் வலைதான் அணிகிறார்கள்.

மஞ்சள்குண்டு | வியாழன், காலை 8.20

வலைக்கண் அவர்களே, ஏர்சாஃப்டின் 6 மி.மீ. குண்டு கெட்டியானது, பட்டால் தெறித்துப் போய்விடும். பெயிண்ட்பால் குண்டோ ஜெலட்டின் கூட்டுக்குள் நிறக்கலவை அடைத்தது. அது வலையில் பட்டு உடையும்போது கலவையும் கூட்டின் துண்டுகளும் கண்ணிகளின் வழியாக நேரே கண்ணுக்குள் போகும்; மெல்லிய வலையாக இருந்தால் உள்நோக்கிக் குழிந்தும் விடும். தயவுசெய்து இந்த ஆலோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம்.

காகிதத்தலை | வியாழன், பிற்பகல் 1.10

அனைவருக்கும் நன்றி. பசைப்புட்டி அவர்கள் சொன்னது சரி, காகித மாதிரியின் மேல் பாலியெஸ்டர் ரெசின், உள்ளே ஒரே அடுக்கு பாய், வெளியே கார்களுக்குப் பூசும் புட்டி தேய்த்து வண்ணம் அடித்திருக்கிறேன். வைசர் 2 மி.மீ. தகடு, அக்ரிலிக் என்று நினைக்கிறேன், அதன்மேல் கறுப்பு ஃபிலிம் ஒட்டி, சூட்டுப் பசைத் துப்பாக்கியால் விளிம்பைச் சுற்றி ஒட்டியிருக்கிறேன். குண்டின் அளவு தெரியாது, களத்தில்தான் தருவார்கள். மாஸ்க்கும் அங்கே தருவார்கள், ஆனால் அதை அணிந்தால் என் கவசத்தை எங்கே அணிவது? அதற்காகத்தான் ஃபோம் பற்றிக் கேட்டேன். இதுவரை ஒருவர்தான் ஃபோமைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

அளவுகோல் | வியாழன், பிற்பகல் 2.35

ஃபோமைப் பற்றி ஏன் பேசவில்லை என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும். 0.68 அங்குலக் குண்டின் விட்டம் ஏறத்தாழ 17.3 மி.மீ., எடை ஏறத்தாழ 3 கிராம். களங்களில் வழக்கமான வேக உச்சவரம்பு விநாடிக்கு 280 முதல் 300 அடி, அதாவது 85 முதல் 91 மீட்டர். இந்த வேகத்தில் குண்டின் இயக்க ஆற்றல் 11 முதல் 12.5 ஜூல் வரை வரும். நெற்றியிலோ உச்சந்தலையிலோ பட்டால் இது வலியோடும் வீக்கத்தோடும் போகும் அடிதான். கண்ணில் பட்டால் கதையே வேறு. வயதுவந்தவரின் கண்குழி வாய் ஏறத்தாழ 4 செ.மீ. அகலமும் 3.5 செ.மீ. உயரமும் கொண்டது. பெரிய பந்து ஒன்று வந்தால் சுற்றியுள்ள எலும்பு அதன் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். 17 மி.மீ. குண்டை எந்த எலும்பும் தடுக்காது, அது முழுவதுமாக விழியின் மேலேயே இறங்கும். கண்ணின் முன்னறையில் இரத்தம் கட்டுவதிலிருந்து விழித்திரை பிரிவது, விழியே கிழிவது வரை எதுவும் நேரலாம்.

இனி உங்கள் வைசர். அக்ரிலிக் அடிபட்டால் வளையாது, கூரிய துண்டுகளாகச் சிதறும். ஃபிலிம் அந்தத் துண்டுகளில் சிலவற்றைப் பிடித்து வைக்கலாம், ஆனால் வழவழப்பான தகட்டின் மேல் சூட்டுப் பசையின் பிடி மிகக் குறைவு. வெயிலில் அது இன்னும் இளகும். வைசர் உடையாவிட்டாலும் முழுத் தகடாகவே உள்ளே வந்து முகத்தில் மோதும். உச்சந்தலைக்கு நீங்கள் எத்தனை அடுக்கு ஃபோம் ஒட்டினாலும் இதில் எதுவும் மாறப்போவதில்லை.

நிழல்வீரன் | வியாழன், பிற்பகல் 3.10

இவ்வளவு பயமுறுத்தத் தேவையில்லை. தொழிற்சாலைகளில் அணியும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடியை உள்ளே அணிந்துகொண்டு, அதன்மேல் கவசத்தை மாட்டினால் வேலை முடிந்தது. தொழிற்சாலைக் கண் காப்புக்கான இசட் 87.1 என்ற அமெரிக்கத் தரவிதிப்படி அவற்றை எஃகுக் குண்டால் அடித்தே சோதிக்கிறார்கள். எஃகையே தாங்கும் கண்ணாடி, விரலால் நசுக்கினால் உடையும் ஜெலட்டின் குண்டைத் தாங்காதா?

அளவுகோல் | வியாழன், பிற்பகல் 3.40

எஃகு என்ற சொல்லைக் கேட்டு ஏமாற வேண்டாம். மூக்கில் அணியும் கண்ணாடிகளுக்கான அந்தச் சோதனையில் 6.35 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டு விநாடிக்கு 45.7 மீட்டர் வேகத்தில் செலுத்தப்படுகிறது. அதன் எடை ஒரு கிராமுக்குச் சற்றே அதிகம், ஆற்றல் 1.1 ஜூல் மட்டுமே. பெயிண்ட்பால் குண்டின் ஆற்றல் அதைப்போல ஏறத்தாழ 11 மடங்கு, உந்தம் 5 மடங்குக்கு மேல்.

நிழல்வீரன் | வியாழன், மாலை 4.05

ஆற்றலை மட்டும் ஒப்பிடுவது நியாயமான கணக்கன்று. எஃகுக் குண்டின் அடி ஊசிமுனை போல ஒரே புள்ளியில் இறங்குகிறது. பெயிண்ட்பால் குண்டு நசுங்கிப் பரவி, உடைந்து, தன் ஆற்றலில் ஒரு பகுதியைச் சிதறலிலேயே இழக்கிறது. இரண்டும் வெவ்வேறு வகை அடிகள். எண்களை அருகருகே வைத்து 11 மடங்கு என்று சொல்வது படிப்பவரை மிரட்டத்தான் உதவும்.

அளவுகோல் | வியாழன், மாலை 4.30

வெவ்வேறு வகை அடிகள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். லென்ஸில் துளை விழுமா என்று கேட்டால் உங்கள் வாதத்தில் பொருள் உண்டு. ஆனால் இங்கே பயம் துளையைப் பற்றியதன்று. பரவி இறங்கும் அடி லென்ஸ் முழுவதையும் தள்ளும், சட்டத்திலிருந்து பிதுக்கும், காதில் தொங்கும் கண்ணாடியை மூக்கிலிருந்தே நகர்த்தும். அதற்குப் பட்டையும் கிடையாது, பக்கவாட்டில் இடைவெளி உண்டு, அடுத்த விநாடி வரும் இரண்டாவது குண்டுக்கு எதிரே வெறும் கண் இருக்கும். பெயிண்ட்பாலுக்குத் தனித் தரவிதி எழுதப்பட்டதே, வேறு வேலைக்கு வடிவமைத்த காப்பு இந்த அடிக்குப் போதாது என்பதால்தான்.

பழைய ஆட்டக்காரர் | வியாழன், மாலை 5.00

1981இல் இந்த ஆட்டத்தை முதன்முதலில் ஆடியவர்கள் பட்டறைக் காகிள்ஸை அணிந்துகொண்டுதான் ஆடினார்கள் என்று அடுத்து யாராவது வாதிடுவார்கள், ஒவ்வொரு முறையும் அதுதான் நடக்கும். அன்று வேறு எதுவும் இல்லை என்பதால் அணிந்தார்கள். இன்று இருக்கிறது. இயற்பியல் வகுப்பு முடிந்துவிட்டது என்றால் கேள்வி கேட்டவருக்கு யாராவது உதவுங்கள்.

பசைப்புட்டி | வியாழன், மாலை 5.20

நீங்களே உதவலாமே ஐயா. இதுவரை நீங்கள் எழுதிய இரண்டு பதில்களிலும் ஒரு தர எண்ணைத் தவிர மற்றதெல்லாம் பெருமூச்சுதான்.

நான் முன்பு எழுதியதில் ஒரு திருத்தம். இழை அடுக்கைக் கூட்டச் சொன்னது கவசத்தின் கெட்டியான ஓட்டுக்கு மட்டும்தான். வைசர் ஒட்டுப்போட்ட அக்ரிலிக் என்று அப்போது எனக்குத் தெரியாது. மற்றொன்றையும் சொல்ல வேண்டும். ரெசின் கவசம் உடைந்தால் விளிம்பு கத்தி போல இருக்கும், இழைகள் தோலில் குத்தும். ஆகவே உட்புறம் ஃபோமோ தடித்த துணியோ கட்டாயம் வேண்டும். அது அடியைத் தாங்குவதற்காக அன்று, ஓட்டின் சில்லுகள் முகத்துக்கு வராமல் தடுப்பதற்காக.

மஞ்சள்குண்டு | வியாழன், இரவு 9.15

காகிதத்தலை அவர்களே, மாஸ்க் அணிந்தால் கவசத்தை எங்கே அணிவது என்று கேட்டீர்கள். மாஸ்க்கின் மேல்தான். அதற்காக மாஸ்க்கை மாற்றக் கூடாது, கவசத்தைத்தான் மாற்ற வேண்டும்.

வைசரையும் அதைச் சுற்றியுள்ள முன்பகுதியையும் அறுத்து எடுத்துவிடுங்கள். அறுக்கும்போது மூக்கையும் வாயையும் மூடும் சுவாச முகமூடி கட்டாயம், இழைத்தூசி நுரையீரலுக்கு நல்லதன்று. மீதமுள்ள ஓடு மாஸ்க்கின் சட்டத்தையோ பட்டையையோ எங்கும் அழுத்தக் கூடாது, எல்லாப் பக்கமும் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் ஓட்டின் விளிம்பில் படும் அடி ஓட்டைத் திருப்பும், ஓடு மாஸ்க்கை நெம்பும், கன்னத்தோடு ஒட்டியிருக்க வேண்டிய ஃபோம் விலகும். மாஸ்க்கின் பட்டை நேரடியாகத் தலையைச் சுற்றியே இருக்கட்டும். கவசத்துக்குத் தனியாகத் தாடைப் பட்டை வையுங்கள். கவசம் கழன்று விழுந்தாலும் மாஸ்க் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம்: இரண்டையும் அணிந்துகொண்டு தலையை வேகமாக ஆட்டுங்கள், குனியுங்கள், நண்பர் ஒருவரைக் கவசத்தைப் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் இழுக்கச் சொல்லுங்கள். சுட்டுப் பார்க்க விரும்பினால் கவசத்தை ஒரு கம்பத்தில் மாட்டிச் சுடுங்கள், தலையில் மாட்டியன்று.

வேடத்தின் முகம் வேண்டும் என்றால், ஈவா ஃபோமில் மெல்லிய முகத்துண்டு செய்து, லென்ஸை எங்கும் மறைக்காமல், அடிபட்டால் தானே கழன்று விழும்படி வெல்க்ரோவால் கவசத்தில் ஒட்டுங்கள். மாஸ்க்கில் துளையிடாதீர்கள், திருகாணி போடாதீர்கள், வண்ணம் தெளிக்காதீர்கள், பசை தடவாதீர்கள். லென்ஸ் பாலிகார்பனேட்டால் ஆனது. அது அடியை நன்றாகத் தாங்கும், ஆனால் அசிட்டோன், ஸ்ப்ரே பெயிண்டின் கரைப்பான், பாலியெஸ்டர் ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆகியவை பட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் தோன்றி அடுத்த அடியில் பிளந்துவிடும். வேலை நடக்கும் அறையில் மாஸ்க்கை வைக்கவே வேண்டாம்.

கடைசியாக, மூச்சு மங்கல். மாஸ்க்கின் காற்றுத் துளைகளைக் கவசம் மூடினால் சில நிமிடங்களில் லென்ஸ் வெள்ளையாகிவிடும். மங்கினால் துடைக்கத் தோன்றும், துடைக்க மாஸ்க்கை உயர்த்தத் தோன்றும். இந்த ஆட்டத்தில் நேர்ந்த கடுமையான கண் காயங்களில் பெரும்பாலானவை கண் காப்பு இல்லாத நேரத்தில் நேர்ந்தவை. ஆகவே வாய்ப்பகுதியைத் தாராளமாகத் திறந்து விடுங்கள், இரட்டைத் தகட்டு லென்ஸ் கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள், காதுகளுக்கு நேரே துளைகள் போடுங்கள். குடம் போன்ற கவசத்துக்குள் நடுவர் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் குரல் கேட்காமல் போவதும் ஆபத்துதான். எல்லாம் முடிந்தாலும் களத்தின் நடுவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் ஆடலாம். முன்கூட்டியே படம் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

வலைக்கண் | வியாழன், இரவு 9.50

ஃபோம் முகத்துண்டில் குண்டு உடையாமல் தெறித்துப் போகும், நிறக்கறை படாது, அடிபட்டும் வெளியேறாமல் ஆடுகிறார் என்று எதிரணியினர் சண்டைக்கு வருவார்கள். இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆட்டக்காரர் | வியாழன், இரவு 10.10

அந்த ஒரு கருத்தில் மட்டும் வலைக்கண்ணோடு உடன்படுகிறேன். மஞ்சள்குண்டு எழுதியதிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை, நீளத்தைத் தவிர.

காகிதத்தலை | திங்கள், காலை 7.05

முன்பகுதியை அறுத்துவிட்டேன். மனம் வரவில்லை, இருந்தாலும் அறுத்தேன். நடுவர் இழுத்துப் பார்த்துவிட்டு அனுமதித்தார். இரண்டாவது ஆட்டத்தில் இடது கன்னப் பகுதியில் பட்டு ஓட்டில் ஒரு கையகலத் துண்டு உடைந்து விழுந்தது, மாஸ்க் அசையவில்லை. பக்கவாட்டில் பார்வை மிகவும் குறைவு, என்னைச் சுட்டவர்கள் எல்லோரும் இடப்பக்கமிருந்தே வந்தார்கள். அனைவருக்கும் நன்றி.

மஞ்சள்குண்டு | திங்கள், காலை 8.30

நல்லது. நேரடியாக அடிபட்டிருந்தால் அந்த லென்ஸை மாற்றச் சொல்லிக் களத்தாரிடம் தெரிவித்துவிடுங்கள், அடுத்து அணிபவருக்கு அது உதவும். மூச்சு மங்கல் எப்படி இருந்தது? குண்டு எந்த அளவு?

நிழல்வீரன் | புதன், மாலை 6.20

கையகலத் துண்டு உடைந்தது என்கிறார். அது இழை வைத்த இடமா, வைக்காத இடமா என்று அறிய எனக்கும் ஆவல்தான்.