ஏ-லெவல் மியூசிக்: கர்நாடக வாய்ப்பாட்டை வைத்து எடுக்கலாமா?

மத்தியமாவதி:
மகள் செப்டம்பரில் சிக்ஸ்த் ஃபார்ம் (இங்கிலாந்தில் ஏ-லெவல் படிக்கும் கடைசி இரண்டு பள்ளி வருடங்கள்) போகிறாள். ஏ-லெவலில் மியூசிக் எடுக்க ஆசை. கர்நாடக வாய்ப்பாட்டு நன்றாக வரும், பியானோ கிரேடு 3 அளவுதான். ஜி.சி.எஸ்.இ.யில் (அதற்கு முந்தைய பொதுத்தேர்வு) மியூசிக் எடுக்கவில்லை. பாட்டை வைத்தே சமாளிக்க முடியுமா? பிறகு பல்கலைக்கழகத்திலும் இசைதான் படிக்க வேண்டும் என்கிறாள்.

அடதாளம்:
எடுக்கலாம். ஜி.சி.எஸ்.இ. இல்லாவிட்டால் சேர்ப்பார்களா, எந்த போர்டின் (தேர்வு வாரியம்) பாடத்திட்டத்தை நடத்துகிறார்கள் என்று பள்ளியின் ஓப்பன் ஈவினிங்கிலேயே கேட்டுவிடுங்கள். எடெக்செல் போர்டில் பெர்ஃபார்மிங் (பாடுவது அல்லது வாசிப்பது) 30%, கம்போசிங் (இசையமைப்பு) 30%, எழுத்துத் தேர்வு 40%. ஏக்யூஏ போர்டில் அதே வரிசையில் 35, 25, 40. அவள் பலம் பாட்டு என்றால் ஏக்யூஏ கொஞ்சம் சாதகம்.

எடெக்செலுக்குக் குறைந்தது 8 நிமிடம், ஏக்யூஏவுக்கு 10 நிமிடம் பாட வேண்டும். 8 நிமிடம் கேட்டால் ஒன்பதரைக்குத் தயார் செய்யுங்கள். பதற்றத்தில் காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) ஓடும், 8:20க்குப் பழகியது 7:50க்கு முடிந்துவிடும்.

ரெக்கார்டிங்கோடு ஸ்கோரோ (எழுதிய இசைக்குறிப்பு) அதற்கு ஈடான ஆதாரமோ போக வேண்டும். மனோதர்மத்தை (பாடும்போதே கற்பனையாக விரிப்பதை) எழுத முடியாதே என்று விட்டுவிடாதீர்கள். ராகத்தின் ஆரோகண அவரோகணம் (ஏறு, இறங்கு வரிசை), தாளம், கிருதியின் ஸ்வரக் குறிப்பு, எந்த வரியில் நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாகப் பாடுவது), எங்கே கல்பனாஸ்வரம் (கற்பனையாகப் பாடும் ஸ்வரங்கள்) என்று எழுதிக் கொடுங்கள். அது கையில் இல்லாத தேர்வாளருக்கு கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) எது, சுருதி விலகல் எது என்று பிரித்தறிய வழியில்லை. எந்த வடிவம் செல்லும் என்பதை ஆசிரியர் மூலம் போர்டிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது.

கீரவாணி:
பாட்டில் பிரச்சினை வராது. கர்நாடக இசை படித்த பிள்ளைகள் தடுமாறுவது ஹார்மனியில்தான் (பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிப்பது). எடெக்செலில் இரண்டாவது கம்போசிஷனுக்குப் பாக் கோரல் (இசையமைப்பாளர் பாக் பாணியில் நான்கு குரல் துதிப்பாட்டு), இரு குரல் கவுன்ட்டர்பாயின்ட் (இரு தனி மெட்டுகளைச் சேர்த்து ஓட்டுவது), அரேஞ்ச்மென்ட் (இருக்கும் இசையை மாற்றி அமைப்பது), ரீமிக்ஸ் என்று நான்கு வழி உண்டு. கோரல் என்றால் இரண்டு இடத்தில் மார்க் போகும்.

முதலாவது பேரலல் ஃபிஃப்த். இரண்டு குரல்கள் ச-ப தூரத்தில் நின்று, அடுத்த கோர்டிலும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்து) அதே தூரத்தில் ரி-த என்று சேர்ந்து நகர்ந்தால் தப்பு, ஏனென்றால் இரண்டும் ஒரே குரலாக ஒட்டிக்கொள்கின்றன. தம்புராவிலேயே ஊறிய காதுக்கு ச-ப சுகமாகத்தான் இருக்கும், அதனால் காதை நம்பாமல் கண்ணால் தேட வேண்டும். நான்கு குரலுக்கு ஆறு ஜோடி. ஒவ்வொரு ஜோடியையும் தனியாக ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது மைனர் கேடன்ஸ், அதாவது மைனர் ஸ்கேலில் வரி முடியும் இடம். கீ சிக்னேச்சர் (வரித் தொடக்கத்தில் போடும் ஷார்ப், ஃபிளாட் குறிகள்) தருவது நடபைரவி ராகம், முடிவுக்குத் தேவை கீரவாணி ராகத்தின் காகலி நிஷாதம் (உயர்ந்த நி). ஏ மைனரில் ஜி-க்கு ஷார்ப் போட மறந்தால் கேடன்ஸ் உட்காராது.

எழுத்துத் தேர்வில் மாடுலேஷன் (நடுவில் ஆதார ஸ்வரம் மாறுவது) கேள்விகளும் இப்படித்தான். நமக்கு ஆதார ஸட்ஜம் அசையாது, அங்கே அது நகரும். ஒரு மேஜர் பகுதி சங்கராபரண ராகம் மாதிரிப் போய்க்கொண்டிருக்கும்போது பிரதி மத்யமம் (உயர்ந்த ம) திரும்பத் திரும்ப வந்து, வரியும் ப-வில் போய் நின்றால், ப-தான் புது ச, அதாவது டாமினன்டுக்கு (ஐந்தாம் ஸ்வரத்தின் கீ) போயாச்சு. ஒவ்வொரு வரி முடிவிலும் நிறுத்தி "இப்போ ச எது?" என்று அவளையே பாடச் சொல்லுங்கள். தம்புரா போடாமல்.

மத்தியமாவதி:
மிக்க நன்றி. பியானோவைத் தொடர வேண்டுமா? கோடை விடுமுறையில் எதில் தொடங்கலாம்?

சதுஸ்ரம்:
தொடரட்டும். பெரிய உருப்படிகள் தேவையில்லை, ஒரு கோரலின் நான்கு குரலையும் மெதுவாக வாசிக்க வந்தால் போதும். கோடையில் ஏபிஆர்எஸ்எம் (இசைத் தேர்வு நடத்தும் அமைப்பு) கிரேடு 5 தியரியை முடிக்கப் பாருங்கள். பாஸ் க்ளெஃபும் (கீழ்க்குரல்களை எழுதும் குறி) கீ சிக்னேச்சரும் பழகிவிடும், அங்கே கிரேடு 6க்கு மேல் பிராக்டிகல் தேர்வு எழுதவும் வழக்கமாக அதைத்தான் கேட்பார்கள். கிரேடு 8 பிராக்டிகலுக்கு யூகாஸ் (பல்கலைக்கழக விண்ணப்ப அமைப்பு) புள்ளிகளும் உண்டு: பாஸ் 18, மெரிட் 24, டிஸ்டிங்ஷன் 30.

மியூசிக் டெக்னாலஜி என்று வேறொரு ஏ-லெவல் இருக்கிறது. அது ரெக்கார்டிங், மிக்ஸிங் பற்றியது, படிவத்தில் மாற்றிக் குறித்துவிடாதீர்கள். கன்சர்வட்டுவார் (இசைக் கல்லூரி) எண்ணம் இருந்தால் இன்னொன்று: அவற்றுக்கு விண்ணப்பிக்கும் யூகாஸ் கன்சர்வட்டுவார்ஸ் கடைசித் தேதி அக்டோபர் தொடக்கத்திலேயே வந்துவிடும், சாதாரணப் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு வெகு முன்னால். ஆகவே ஆடிஷன் உருப்படிகள் இயர் 12 (சிக்ஸ்த் ஃபார்மின் முதல் வருடம்) முடியும்போதே தேர்வாகியிருக்க வேண்டும்.