மீசாலைக் கிணறும் பி.எச்.ஐ. ஐயாவும்

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டையால யாழ்ப்பாணத்து வலிகாமப் பக்கச் சனம் இடம்பெயர்ந்தபோது, மழைக்குள்ள நடந்து, நாவற்குழிப் பாலம் தாண்ட எங்களுக்கு விடிஞ்சுபோச்சு. அந்த இரவைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கினம். நான் சொல்ல வந்தது, தென்மராட்சி மீசாலையில நாங்கள் ஒதுங்கின பள்ளிக்கூடத்துக்கு மூண்டாம் நாள் வந்த பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவைப் பற்றி.

நானூறு பேருக்கு மேல சனம். ஒரு கிணறு, நாலு மலசலகூடம். ஐயா சைக்கிளை மதிலில சாத்திப்போட்டு நேர கிணத்தடிக்குத்தான் போனவர். கட்டைச் சுத்தி நிண்டு குளிக்கிற ஆக்களின்ர ஊத்தைத் தண்ணி, வெடிப்பால திரும்ப உள்ளுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. "யாழ்ப்பாணம் முழுக்க அடியில சுண்ணாம்புக்கல்லு. இஞ்ச ஊத்துறது வடிபடாமல் பொந்துகளால நேர கிணத்துக்க போய் நிக்கும்" எண்டார். பிறகு முடிச்சுப் போட்ட கயிறு ஒண்டை எடுத்து, கிணத்தில இருந்து மலசலகூடக் குழி மட்டும் அளந்தார். அம்பது அடிக்குள்ள இருந்த ரெண்டையும் பூட்டச் சொல்லிப்போட்டார்.

அப்பாவுக்குக் கோபம். "ஐயா, குமர்ப்பிள்ளையள் எங்க போறது?"

"அண்ணை, பூட்டிப்போட்டு நான் போகப் போறேல்லை. மண்வெட்டி இருந்தாத் தாங்கோ."

பின்வளவுத் தென்னங்காணிக்கு அங்கால பெடியளோட சேர்ந்து அவரும் குழி வெட்டினார். கிடுகால மறைப்பு. பக்கத்தில ஒரு பெட்டி சாம்பல், ஒவ்வொருத்தரும் ஒரு சிரட்டை போடவேணும். பொருளாதாரத் தடையில சவுக்காரமே கிடையாது, பனங்களியில உடுப்புத் தோய்ச்ச காலம். பிளீச்சிங் பவுடரை அவர் ஒரு பால்மாப் பேணியில பொத்திப் பொத்தி வைச்சிருந்தவர். கரண்டியால அளந்து வாளியில கரைச்சு, மண்டி அடையவிட்டு, தெளிவை மட்டும் இரவில கிணத்துக்க ஊத்துவார். விடியும் மட்டும் ஒருத்தரும் அள்ளக்கூடாது.

குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வையுங்கோ எண்டு சொல்லுறது லேசு. விறகெல்லாம் நனைஞ்சு கிடந்தது. அதையும் அவரே யோசிச்சிருக்கிறார். ஊர்ச் சனத்தின்ர கோடிப்பக்கங்களில கிடந்த காவோலை, பன்னாடை, கொக்கறையெல்லாம் கேட்டு வாங்கி அனுப்பினார். என்ர தம்பிக்கு வயித்தோட்டம் வந்தபோது கையில இருந்த கடைசி ஜீவனிப் பைக்கற்றை (வயித்தோட்டத்துக்குத் தண்ணியில கரைச்சுக் குடிக்கிற தூள்) தந்து, அது தீர்ந்தால் உப்புக் கஞ்சி குடுக்கச் சொன்னார். வரேக்கயெல்லாம் சி.ஆர். எண்ட தடிச்ச கொப்பியில ஆர் ஆருக்கு வயித்தாலை போகுது எண்டு பேர் பேரா எழுதுவார். அவரின்ர குடும்பமும் கொடிகாமத்தில ஒரு வீட்டு விறாந்தையில இருந்ததெண்டு பிறகுதான் தெரியும்.

*

மீசாலைக் கதை சொன்ன அக்கா, நான் வேற ஆள், இது யாழ்ப்பாணம் கொக்குவில் கதை. 1990 ஆனி மாதம் சண்டை தொடங்கினாப்போல வீட்டுக்கு வீடு பங்கர். பனங்குத்தி அடுக்கி, மேல மண்மூட்டை. மாரி வந்ததும் முழங்கால் மட்டும் தண்ணி, பிறகு நுளம்பு. அந்த வருசங்களில மலேரியா இல்லாத ஒழுங்கை இல்லை. பி.எச்.ஐ. வந்து பங்கரை மூடச் சொல்லப்போறார் எண்டு அம்மம்மா சண்டைக்கு நிண்டவ. அவர் மூடச் சொல்லேல்லை. "ஆச்சி, குண்டுக்கு இது வேணும். கிழமைக்கு ஒருக்கா அள்ளி ஊத்துங்கோ, புழு நுளம்பாக முந்தி காய்ஞ்சிடும்" எண்டவர். எண்ணெய் ஊத்தலாம்தான், விளக்குக்கே எண்ணெய் இல்லை. 2007 இல நுளம்புக்கெண்டே தனிச்சட்டம் வந்திட்டுது, இப்ப தண்ணி தேங்கினால் வழக்கு. அப்ப அவரிட்ட இருந்தது வாய் மட்டும்தான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து எட்டிப் பார்ப்பார். அதுக்காகவே அள்ளினனாங்கள்.

*

நான் மூண்டாவது ஆள். எல்லா அலுவலரும் அப்பிடி இல்லை. எங்கட சந்தியில குப்பை மலையாக் கிடந்து, மழைத்தண்ணியோட வளவுக்க வந்தது. முறைப்பாடு குடுக்கப் போன அம்மாவிட்ட "டீசல் வரட்டும் பாப்பம்" எண்டு ஒரு அலுவலர் திருப்பி அனுப்பிப்போட்டார். ஆறு மாதம். கடைசியில ஒழுங்கைச் சனமே காசு சேர்த்து மாட்டுவண்டி பிடிச்சு ஏத்தினது. டீசல் இல்லை எண்டது உண்மைதான். ஆனால் ஒருக்கா வந்தாவது பாத்திருக்கலாம். அந்த வருசம் என்ர தங்கச்சி நெருப்புக்காய்ச்சலில (டைபோயிட்) ஒண்டரை மாதம் கிடந்தவள்.

*

திரும்பவும், முதல்ல மீசாலைக் கதை சொன்ன நான்தான். ஒண்டு சொல்ல மறந்துபோனன். 1996 சித்திரையில வலிகாமத்துக்குத் திரும்ப வெளிக்கிடேக்க, அந்த ஐயா எங்களிட்ட வந்து சொன்னது ஒண்டே ஒண்டுதான்: "வீட்டுக்குப் போனதும் கிணத்தை முழுக்க இறைக்காமல் ஒரு வாய் குடிக்கப்படாது." அப்பாவும் தம்பியும் ரெண்டு நாள் இறைச்சினம். அடியில இருந்து எங்கட நாயின்ர எலும்பு வந்தது.